ஏழெழுத்து ஊரும் எட்டுப் புள்ளிக் கட்டமும்

எங்க ஊரு பேரணாம்பட்டு. ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் பக்கம், ஆந்திரா மலையடிவாரம். தோல் பதனிடுற ஊரு. கடைவீதியில தமிழ், உருது, இங்கிலீஷ்னு மூணு எழுத்துலயும் போர்டு இருக்கும். இன்னிக்கு ஊர்ப்பெருமை பேசப் போறதில்ல, ஊர்ப் பேரை மட்டும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்னு.

பே, ர, ணா, ம், ப, ட், டு. ஏழு எழுத்து. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை கூட சொல்லிடும். ஆனா கம்ப்யூட்டர்கிட்ட கேட்டா, ஒவ்வொரு காலத்துலயும் ஒவ்வொரு கணக்கு சொல்லியிருக்கும்.

எங்கப்பா ஒரு தோல் கம்பெனியில கணக்கு எழுதினவர். வெளிநாட்டு ஆர்டருக்கு டெலக்ஸ் அடிக்கிற வேலையும் அவர் தலையில. டெலக்ஸுக்கு ஒரு எழுத்துன்னா அஞ்சு பிட்டு. அதாவது 32 குறியீடு. இங்கிலீஷ் 26 போக மிச்சத்துல, எண்ணுக்கு மாறு, எழுத்துக்கு மாறுன்னு சொல்ற குறிகளும் அடக்கம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமெல்லாம் கிடையாது. அதுல எங்க ஊர் 'பெர்ணாம்பட்'னு ஒன்பது இங்கிலீஷ் எழுத்தா போகும். கடைசி டு காலி.

அடுத்து ஆஸ்கி. 1963ல் வந்தது. ஏழு பிட்டு, 128 இடம். கட்டுப்பாட்டுக் குறிகள் 33 போக, கண்ணுக்குத் தெரியறது 95. வீட்டுக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் இதைத்தான் (சின்னச் சின்ன மாற்றத்தோட) எடுத்துக்கிச்சு. நம்ம நாட்டுல நிறைய பேர் முதல்ல பார்த்தது பிபிசி மைக்ரோவா இருக்கும். 1984-85ல் மத்திய அரசு 'கிளாஸ்' திட்டத்துல பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்த மெஷின். அதுல ஒரு நல்ல விஷயம், நாமே எழுத்து வரைஞ்சுக்கலாம். 224ல இருந்து 255 வரைக்கும் 32 இடம் சும்மா இருக்கும். எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டம். 'விடியு 23'ன்னு போட்டு எட்டு எண் கொடுத்தா உங்க எழுத்து ரெடி.

ஆஹா, தமிழ் வந்துடுச்சேன்னு அவசரப்படாதீங்க. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 வச்சாலே 31 ஆச்சு. காலு, கொம்பு, கொக்கி எல்லாத்துக்கும் சேர்த்து மிச்சம் ஒரே ஒரு இடம் :-)

அதை விடுங்க. மூணு சுழி ண-வை அந்தக் கட்டத்துல வரைஞ்சு பாருங்க. மூணு சுழிக்கு மூணு ஓட்டை, ஓட்டைங்களைச் சுத்தி நாலு கோடு, கடைசிக் காலுக்கு ஒரு இடைவெளி ஒரு கோடு, பக்கத்து எழுத்தோட ஒட்டாம இருக்க ஒரு புள்ளி. பத்து புள்ளி ஆச்சு, கட்டமோ எட்டு! அந்தக் கட்டத்தை யாரும் நமக்கு எதிரா பண்ணல. 'ஏ'வும் 'எம்'மும் தெளிவா தெரியுதான்னு பார்த்துப் பண்ணாங்க, அவ்ளோதான்.

இதுல இன்னொரு சங்கதி. ணா-வுக்கு அந்தக் காலத்துல தனிக் காலே கிடையாது. ணா, றா, னா, ணை, லை மாதிரி 13 எழுத்து சேர்த்து வளைச்சு எழுதுறதா இருந்துச்சு. பெரியார் 1935ல குடி அரசுல மாத்தினார். தமிழக அரசு 1978ல ஆணை போட்டுச்சு. கம்ப்யூட்டரை நினைச்சு செஞ்சதில்ல. ஆனா 13 தனி வடிவம் குறைஞ்சது, இடத்துக்கு அல்லாடின பின்னாள் எழுத்துரு ஆட்களுக்குப் பெரிய வரம். அப்பா மட்டும் கடைசி வரைக்கும் கையெழுத்துல பழைய ணா தான்.

எட்டு பிட்டு, 256 இடம்னு ஆனதும் கீழ்பாதியில இங்கிலீஷ், மேல்பாதி 128ல தமிழ்னு குடியேறினோம். ஆளுக்கு ஒரு எழுத்துரு, ஆளுக்கு ஒரு வரிசை. அப்புறம் திஸ்கி வந்தது. 1999 பிப்ரவரியில சென்னை தமிழ்நெட் மாநாட்டுல டாம், டாப் வந்தது. பழைய ஆளுங்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். சுரதாவோட பொங்குதமிழ்ல ஒட்டி ஒட்டி மாத்துவோமே!

2001ல் அப்பா ரிட்டயர் ஆகி, ஊர் பிரவுசிங் சென்டர்ல தமிழ் தட்டக் கத்துக்கிட்டார். நான் அப்ப சிங்கப்பூர். வாரம் ஒரு மெயில். எல்லாத்தையும் சிடியில போட்டு வச்சிருந்தேன். 2009ல் அப்பா போயிட்டார். போன வருஷம் தம்பி மகள், "பெரியப்பா, தாத்தா எழுதினதை நான் படிக்கணும்"னா. திறந்தா ஒரே பூச்சிப் பூச்சியா இருக்கு. எந்த முறையில அடிச்சதுன்னு கோப்புல ஒரு குறிப்பும் இல்ல.

ஆனா அப்பாவுக்கு இன்லேண்ட் லெட்டர் பழக்கம். மேல ஊர் பேரு, அப்புறம் தேதி. எல்லா மெயில்லயும் முதல் வரி ஒன்பது குறி. ரெண்டாவதும் ஏழாவதும் ஒரே குறி, தலையில சாய்கோடு போட்ட இங்கிலீஷ் ஏ. நடுவுல 'அரை'ங்கிற பின்னக் குறி, அதை ஒட்டி தலைகீழ் ஆச்சரியக்குறி. ரெண்டு இடத்துல வர்றது ப. அரை தான் ண. தலைகீழா நிக்கிறது கால். ஒத்தைக் கொம்பு இரட்டைச் சுழியா மேல சுழிச்ச 'ே' ப-வுக்கு முன்னாடியே நிக்குது. சந்தேகமே இல்ல, திஸ்கி!

அப்புறம் மாத்துறது சுலபம். யூனிகோட்ல ப முதல்ல, 'ே' அப்புறம், அதனால இடம் மாத்தியும் வைக்கணும். ஒன்பது பைட்டு பேரு பன்னெண்டு குறியீடா ஆச்சு. சாயங்காலத்துக்குள்ள நூத்துச் சொச்சம் மெயிலும் தமிழாச்சு. மழை வந்தது, அம்மாவுக்கு முழங்கால் வலி, பக்கத்து வீட்டு பாய் பிரியாணி கொடுத்தனுப்பினார். அவ்ளோதான் விஷயம். அவ உட்கார்ந்து எல்லாத்தையும் படிச்சா.

யூனிகோட்ல எனக்குப் பிடிச்ச ஒண்ணு. அது 'இது ண, இது கால்'னு மட்டும் தான் சொல்லும், எப்படி வளைக்கணும்னு சொல்லாது. அது எழுத்துருவோட வேலை. பழைய வடிவம் காட்டுற எழுத்துருவைப் போட்டா, ஒரு குறியீடும் மாறாம, அப்பா கையால எழுதின மாதிரியே ணா வளைஞ்சு நிக்கும்.

உங்க வீட்டுலயும் பழைய சிடி, பிளாப்பி இருந்தா தூக்கிப் போடாதீங்க மக்களே. முதல் வரியில உங்க ஊர் பேரைத் தேடுங்க.