பாதாள மூடிக்குக் கீழே

ஆடம் கிரீன் இயக்கி 2014-இல் வெளிவந்த 'டிக்கிங் அப் த மேரோ', ஆவணப்படத்தின் வேடமிட்ட திகில் படம். அதில் அவர் ஆடம் கிரீனாகவே வருகிறார். மண்ணுக்கடியில் விகார உயிர்கள் ஒளிந்து வாழ்வதாகச் சாதிக்கும் ஓய்வுபெற்ற துப்பறிவாளராக ரே வைஸ். இரவில் ஒரு பொந்தின் முன் காமிரா காத்திருக்கிறது. இல்லாத ஒன்றுக்காக நாமும் மூச்சடக்கிக் காத்திருக்கிறோம்.

தமிழில் வேடமில்லாத ஆவணப்படம் ஒன்றுண்டு: திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017). அங்கே மலக்குழிக்குள் இறங்குவோர் மனிதர்கள். அதன் திரையிடல்களைக் காவல்துறை பல ஊர்களில் தடுத்தது.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பாதாளச் சாக்கடை மூடிகளை மிதித்தே நடக்கிறோம். பாதுகாப்பின்றி உள்ளே ஆளிறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. சாக்கடைச் சாவுக்கு இழப்பீடாக 2014-இல் 10 லட்சம் ரூபாய் விதித்த உச்சநீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. சாவு நின்றிருந்தால் தொகையை உயர்த்த வேண்டியிருந்திராது.

பூதங்களைக் காண ஒன்றரை மணிநேரம் அமர்ந்திருக்கிற நாம், 'கக்கூஸ்' படத்தையும் முழுதாகப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.