பனியல்ல, புகை

கண்டி மாநகரில் நாம் குடியேறிய புதிதில், விடியற்காலையில் அதன்மேல் படர்ந்து கிடக்கும் வெண்திரையைக் கண்டு மெய்மறந்ததுண்டு. வாவியும் தலதா மாளிகையும் அதனுள் மறைந்திருக்கும். பனியின் எழிலை வியந்து எழுதியும் இருக்கிறோம்.

நம் மயக்கத்தைத் தெளிவித்தவர் நம் தெருவைக் கூட்டும் தொழிலாளிப் பெண். ஒரு தை மாதக் காலையில், "இன்றைக்குப் பனி அதிகம், அம்மா" என்றோம்.

"பனி எங்கீங்க ஐயா? பொகை. கூட்டி முடிச்சு மூக்கைச் சிந்துனா மசி மாதிரி வருது."

இருமல் அவரை மேலும் பேசவிடவில்லை.

பின்னரே நாம் ஆராயலானோம். தெளிந்த, காற்றற்ற இரவில் நிலம் விரைவாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. மலைச்சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் அமர்ந்துவிடுகிறது. பஸ்களும் லொறிகளும் கக்கும் புகை, வெயில் ஏறி அம்மூடி கலையும்வரை வெளியேற வழியின்றி நகருக்குள்ளேயே நிற்கிறது. பாடசாலைப் பிள்ளைகள் வீதியில் நிறையும் வேளையும் அதுதான். 1815 வரை அந்நியரைத் தடுத்து நின்ற மலையரண், இன்று நம் நஞ்சை நமக்கே காத்துத் தருகிறது!

ஆயின், குற்றம் மலையுடையதல்ல. 1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் ஆலைப் புகை தேங்கி அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1948 ஒக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் டொனோரா என்னும் ஆற்றங்கரை ஆலை நகரில் 20 பேர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். நாட்கணக்கில் மக்கள் மூச்சுத் திணறியபோதும் துத்தநாக உலைகள் எரிந்துகொண்டேயிருந்தன. அவை அணைக்கப்பட்டது 31ஆந் திகதி காலையில். அன்றே மழையும் பெய்தது. மலைகள் என்றும் அங்கேதான் நின்றன. மனிதரைக் கொன்றது உலையை அணைக்க மறுத்த இலாப வேட்கை.

கண்டியில் அத்தகைய ஓலம் இல்லை. இங்கே நோய் ஓசையின்றி வருகிறது. அவ்வாண்டு நம் இளைய மகனுக்குத் தொய்வு கண்டது. இரவெல்லாம் நெஞ்சு இழுத்தது. "இடம் மாறிப் பாருங்கள்" என்றார் வைத்தியர். நகருக்கு வெளியே ஒரு மேட்டு நிலத்தில் வீடு பார்த்துக் குடிபெயர்ந்தோம். பிள்ளை தேறினான்.

அந்தத் தொழிலாளிப் பெண் எங்கே குடிபெயர்வார்? புகை அடர்ந்த வேளையே அவர் வேலை நேரம். அவ்வீதியே அவர் சோறு.

இன்னும் ஒன்றையும் மறைப்பதற்கில்லை. புதிய வீட்டிலிருந்து நாள்தோறும் காலையில் மோட்டார் வண்டியில் நகருக்கு வருகிறோம். நம் பிள்ளையைக் காத்த அந்தத் தூரம், அவருடைய மூச்சிலே புகையாய்க் கலக்கிறது. நல்ல காற்று விலைகொடுத்து வாங்கும் பொருளாகிவிட்ட நகரில், வாங்க இயலாதவர் நம் புகையையும் சேர்த்தே சுவாசிக்கிறார். ஒழுங்கான புகையிரதமும், புகை கக்காத பஸ்களும், ஒரே வழியாற் செல்லும் பிள்ளைகளுக்குப் பொதுவான பாடசாலை வண்டிகளும் கேட்டுக் குரலெழுப்ப வேண்டியவர் அவர் மட்டுமல்லர், முதலில் நாமே.

பனியைப் பற்றி நாம் இப்போது எழுதுவதில்லை.