வழிவிடும் பாலங்கள்

வைகைப் பாலங்களையே கண்டு பழகிய சமயநல்லூர் மக்களாகிய நமக்குப் பாம்பன் ஒரு பாடம். அங்கே கடலின்மீது இரு பாதைகள் அருகருகே செல்கின்றன. 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் உயர்ந்து நின்று கப்பல்களுக்கு வழிவிடுகிறது. தாழ்வாக அமைந்த இரயில் பாலமோ திறந்து வழிவிடுகிறது. 1914ஆம் ஆண்டின் பழைய தூக்குப் பாலத்தைத் தொழிலாளர்கள் கையால் இயக்கித் திறந்தனர். 2025இல் வந்த புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி மின்விசையால் 17 மீட்டர் உயரம்வரை செங்குத்தாக எழுகிறது. கப்பல் கடந்ததும் அது மீண்டும் தன் இடத்தில் அமர்ந்து இரயிலைத் தாங்குகிறது.

வரப்பு ஒன்றிற்காகப் பல்லாண்டு பேசாதிருக்கும் உடன்பிறந்தோர் நம் ஊர்களில் உண்டு. உயர்ந்து நிற்க இயலாதவர் சற்றே திறந்து கொடுக்கலாம் அன்றோ? வழிவிட்டதால் எந்தப் பாலமும் தன் இடத்தை இழந்ததில்லை.