காற்றுக்கும் ஓர் ஏரி வாரியம்!

வாலாஜாபாத்திலிருந்து உத்திரமேரூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோர ஸீட் கிடைப்பவன் பாக்கியசாலி. காற்றுக்காக இல்லை ஸார்... சிக்னலுக்காக! போனைக் கொஞ்சம் வெளியே நீட்டினால் இரண்டு கோடு வரும். அடுத்த ஏரிக்கரை வளைவில் அதுவும் அம்பேல்!

ஒருநாள் பக்கத்து ஸீட் பெரியவர் கேட்டார்: "ஏம்பா, காத்துல வர்றதுக்கு எதுக்கு மாசாமாசம் பணம் கட்டுறே? காத்தை யாரு யாருக்கு வித்தாங்க?"

நியாயமான கேள்வி. ரேடியோ அலைகள் பொதுச் சொத்து என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கிரிக்கெட் மேட்சை டி.வி.யில் காட்டும் தகராறில் வந்த தீர்ப்பு அது. அந்தப் பொதுச் சொத்தைத்தான் சர்க்கார் ஏலம் விடுகிறது. 2022-ல் ஏழு நாள் நடந்த ஏலத்தில் 1,50,173 கோடி ரூபாய்! இருபது வருஷத்துக்கு அனுபவ பாத்தியதை.

சிக்கல் இங்கேதான். உரிமை மாநிலம் முழுக்க. டவர் மட்டும் கூட்டம் இருக்கிற பக்கமாகப் பார்த்து முளைக்கும். ஒரகடம் ஃபேக்டரிகள் பக்கம் அலைக்குத் தள்ளுமுள்ளு. கொஞ்சம் தள்ளி வயக்காட்டில் அதே அலை சும்மா கிடக்கும். 'நீ போடாவிட்டால் போ, நான் டவர் போடுகிறேன்' என்று உள்ளூர் கேபிள்காரர் கிளம்ப முடியாது. அலை அவருடையது இல்லையே!

எல்லோருக்கும் திறந்துவிட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. வீட்டு வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 2005-லிருந்து லைசென்ஸ் வேண்டாம். ஒரு பெட்டி பேசுவதற்கு முன்னால், வேறு யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுக்கும். பேசினால் காத்திருக்கும். நம்ம கல்யாணப் பந்தியில்கூடக் காணாத நாகரிகம்! ஆனால், சக்தி குறைவு. நாலு சுவர் தாண்டினால் மூச்சு வாங்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் 2015-ல் 150 மெகாஹெர்ட்ஸுக்கு விதி போட்டார்கள். கடற்படை ரேடாருக்கு முதல் மரியாதை. பணம் கட்டியவருக்கு அடுத்தது. மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு. யாருக்கு எப்போது என்று கம்ப்யூட்டர் மடை திறக்கும். நம்ம ஊர் நீர்க்கட்டி செய்கிற அதே வேலை! இங்கிலாந்தில் 2019 முதல், கம்பெனி பயன்படுத்தாத இடத்தில் அதன் அலையை அடுத்தவர் கேட்டு வாங்கலாம்.

இங்கே 2015-ல் வந்த பகிர்வு விதியோ, ஒரே வரிசையில் ஏற்கெனவே அலை வைத்திருக்கும் இரண்டு கம்பெனிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள மட்டும்தான். பண்ணையார் பண்ணையாருக்குக் கைமாற்று கொடுக்கிற மாதிரி!

உத்திரமேரூர் கல்வெட்டைப் பாருங்கள். பராந்தக சோழன் காலம், 919, 921. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம்; ஆறு பேர்; குடவோலையில் தேர்வு; 360 நாள் பதவி. நிலம் உள்ளவர் பெயர்தான் குடத்துக்குள் போனது என்பது குறைதான். ஆனால் ஒரு விதி இருக்கிறதே... பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய சொந்தக்காரரும் வர முடியாது! இன்றைக்கு இதைக் கொண்டுவந்தால் மாலைக்கடைக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான்.

2023 தொலைத்தொடர்புச் சட்டம் அலையைப் பகிர, குத்தகைக்கு விட இடம் கொடுக்கிறது. தக்க காரணமில்லாமல் சும்மா வைத்திருந்தால் சர்க்கார் திரும்ப எடுக்கலாம் என்றும் சொல்கிறது. இனி வேண்டியது அந்த ஏரி வாரியக் கணக்குதான். எந்த ஊரில் எந்த அலை ஓடுகிறது, எது தூங்குகிறது என்று ஊரறியச் சொல்லட்டும். தூங்குவதை உள்ளூர்க்காரர் சின்ன வாடகைக்குக் கேட்கட்டும்.

தண்ணீரையாவது தேக்கிவைத்து அடுத்த போகத்துக்கு விடலாம். அலை அப்படி இல்லை. இந்த நிமிஷம் பயன்படாத அலை இந்த நிமிஷத்தோடு சரி. அதைத் தேக்கிவைக்க எந்தச் சோழனாலும் ஏரி வெட்ட முடியாது!