எது மேல, எது கீழ?

எங்கள் ஆபீஸ் நாகர்கோவிலில், செட்டிகுளம் ஜங்ஷன் பக்கம், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு நான் செய்வது, தோஹாவில் கட்டுகிற ஆஸ்பத்திரிக்குக் காற்று விடுகிற வேலை. சிரிக்காதீர்கள்!

ஏ.சி. மெஷினிலிருந்து குளிர்ந்த காற்றை அறை அறையாகக் கொண்டுபோக, ஜி.ஐ. தகட்டில் பெட்டி மாதிரி நீளமாக ஒரு குழாய் செய்வார்கள். அதுதான் டக்ட். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளிந்திருப்பதால் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. எந்த இடத்தில், எந்த உயரத்தில் அதைத் தொங்கவிட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற டிராஃப்ட்ஸ்மேன் நான். பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்கு என்ன ஜோலி?" என்று கேட்டார்கள். "காத்து போற பாதைக்குப் படம் வரையுதான்" என்றார் என் மாமா. பெண்ணின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த இடம் அமையவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு டக்ட் புரிவது கஷ்டமே இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒருமுறை பஸ் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். இரண்டு பக்கமும் மலை நெருக்க, நடுவே புகுகிற காற்று வேகம் பிடித்து முகத்தில் அறையும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதை நம்பித்தான். பாதை குறுகினால் வேகம் கூடும். டக்டிலும் இதே கணக்குதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1982 டிசம்பரில் ஆட்டோகேட் வந்தது. அதில் பழகியவர்களுக்கு டக்ட் என்றால் இரண்டு கோடு. அவ்வளவுதான். அப்புறம் வந்தது ரெவிட் என்கிற சாஃப்ட்வேர். ஆட்டோகேட் கம்பெனியான ஆட்டோடெஸ்க் 2002-ல் அதை வாங்கிக்கொண்டது. இதில் நாம் கோடு போடுவதில்லை, டக்டையே வைக்கிறோம். அகலம் 600 மில்லிமீட்டர், உயரம் 300, தரையிலிருந்து இத்தனை உயரம் என்று சொல்லிவிட்டால் கம்ப்யூட்டருக்குள் நிஜமாகவே ஒரு டக்ட் தொங்க ஆரம்பித்துவிடும். படம் என்பது அந்தக் கட்டடத்தை எட்டிப் பார்க்கிற ஒரு ஜன்னல் மட்டும்தான்.

ஜன்னலில் எது தெரியணும், எது தெரியக்கூடாது என்பது நம் கையில். 'கோர்ஸ்' என்று வைத்தால் டக்ட் ஒற்றைக் கோடாகிவிடும். 'மீடியம்', 'ஃபைன்' என்றால் இரட்டைக் கோடு. வி, ஜி என்று இரண்டு எழுத்தைத் தட்டினால் ஒரு நீளமான பட்டியல் வரும். அதில் 'டக்ட்ஸ்' என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்தால் அந்தப் படத்தில் டக்டுகள் எல்லாம் மாயம்! பி.சி. சர்க்கார் தோற்றார். ஆனால் எங்கேயும் போயிருக்காது. பக்கத்துப் படத்தில் இருக்கும். அளவுப் பட்டியலிலும் கணக்கில் நிற்கும்.

இந்த அதிகாரம் கையில் கிடைத்ததும் எனக்கு லேசாகத் தலைக்கனம் வந்துவிட்டது. எங்கள் டீம் லீடருக்குப் படம் 'சுத்தமாக' இருக்கணும். நெருக்கமாக எழுத்து இருந்தால் முகம் சுளிப்பார். அதனால் நான் மறைக்கப் பழகினேன். எழுத்தை மறை, மட்டத்தை மறை, கம்பியை மறை. பார்ப்பவர், "அடடா, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கே" என்பார்.

2016-ல் ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை மணி. சாப்பாட்டில் கை வைத்திருக்கிறேன், போன். தோஹாவிலிருந்து அண்ணாச்சி.

அண்ணாச்சி எங்கள் தெருக்காரர். அந்த ஆஸ்பத்திரியில் டக்ட் மாட்டுகிற ஃபிட்டர். நான் வரைகிற படத்தை ஏணியில் நின்று படிக்கிறவர் அவர். இந்த வேலை காலி இருப்பதாக முதலில் எனக்குச் சொன்னதே அவர்தான்.

"என்னடே, காரிடார் முக்குல ரெண்டு டக்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு. எது மேல, எது கீழ?"

"படத்துல எல்லாம் இருக்கு அண்ணாச்சி" என்றேன். டிராஃப்ட்ஸ்மேன் ஜாதிக்கே உரிய பதில்.

"இருந்தா நான் எதுக்குடே போன் போடுதேன்?"

வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. கசங்கி, வியர்வைக் கறை படிந்த என் படம். இரண்டு டக்ட் குறுக்கே வெட்டுகிற இடம். எல்லாக் கோடும் முழுக்கோடு. கடவுளே வந்தாலும் எது மேலே என்று சொல்ல முடியாது.

முறைப்படி, கீழே போகிற டக்டின் கோடு வெட்டுகிற இடத்தில் சின்ன இடைவெளி விட்டு, புள்ளிக்கோடாக மாறணும். ரெவிட் அதைத் தானாகவே செய்யும், 'ஹிட்டன் லைன்' என்ற முறையில் பார்த்தால். என் பழைய கம்ப்யூட்டர் அந்த முறையில் ஆமை வேகத்தில் நகரும் என்பதால் நான் 'வயர்ஃபிரேம்' முறைக்கு மாற்றி வைத்திருந்தேன். அதில் மேலே கீழே பேதமில்லை, எல்லாம் ஒன்று. சமத்துவம்! அதையே டெம்ப்ளேட்டாகச் சேமித்து எல்லாப் படத்துக்கும் போட்டதும் அடியேன்தான். உயரம் எழுதிய குறிப்பாவது இருந்திருக்கலாம். அதைத்தான் 'சுத்தம்' கருதி மறைத்துவிட்டேனே!

அவர்கள் ஊகித்து, ரிட்டர்ன் டக்டைக் கீழே மாட்டிவிட்டார்கள். பிறகு சப்ளை டக்ட் அந்த முக்குக்கு வந்தபோதுதான் தெரிந்தது: சப்ளை போகிற பாதையில் ஒரு ஆழமான பீம். அதன் அடியில் நுழைய வேண்டுமானால் சப்ளைதான் கீழே இருக்கணும். மாட்டிய பன்னிரண்டு துண்டு ரிட்டர்ன் டக்டையும் கழற்றி மேலே ஏற்றணும். நாலு பேருக்கு இரண்டு நாள் வேலை.

"சூப்பர்வைசர் எங்க தப்புன்னு சொல்லுதான் மக்கா. ரெண்டு நாள் கூலியப் பிடிப்பானாம். நீ ஒண்ணும் வெசனப்படாண்டாம், கேட்டியா. படத்துல இருந்துதா இல்லியான்னு மட்டும் சொல்லு."

வெசனப்படாண்டாமாம்! சோறு இறங்கவில்லை. அந்த நிமிஷம் என் முன்னே இரண்டு வழி. கம்ப்யூட்டருக்குள் உயரம் சரியாகவே இருக்கிறது; "மாடலில் இருக்கிறது, பார்க்காதது சைட்டின் தப்பு" என்று மெயில் போட்டால் யாரும் என்னை அசைக்க முடியாது. ஆனால் ஏணியில் நிற்கிறவர் கையில் கம்ப்யூட்டரா இருக்கிறது? ஒரு காகிதம் இருக்கிறது. அந்தக் காகிதத்தில் நான் இல்லை என்று செய்தது அவருக்கு இல்லைதான்.

மறுநாள் காலை மெயில் போட்டேன். உயரக் குறிப்பு மறைக்கப்பட்டது என் தவறு, மாட்டியவர்கள் மேல் குற்றமில்லை என்று நாலு வரி. டீம் லீடர் கூப்பிட்டு, "உன்கிட்ட யாருப்பா கேட்டா?" என்றார். அந்த வருஷம் எனக்கு இன்க்ரிமென்ட் கிடையாது. அண்ணாச்சி கோஷ்டிக்குக் கூலி பிடிக்கவில்லை. கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம். படத்தை அனுப்புவதற்கு முன் பிரிண்ட் எடுத்து, எங்கள் ஆபீசில் கணக்கெழுதும் அக்காவிடம் நீட்டி, "எது மேல, எது கீழ?" என்று கேட்பேன். அவருக்கு ரெவிட்டும் தெரியாது, டக்டும் தெரியாது. அவர் சரியாகச் சொன்னால் படம் தோஹாவுக்குப் போகும். முழித்தால் திரும்ப என் மேஜைக்கு வரும். உங்கள் ஆபீசில் எக்ஸெல் ஷீட்டில் இரண்டு காலத்தை மறைத்துவிட்டு மேனேஜருக்கு அனுப்புகிறீர்களே, உங்களுக்கும் இப்படி ஓர் அக்காவைச் சிபாரிசு செய்கிறேன்.

2017-ல் அண்ணாச்சி லீவில் வந்தார். இரண்டு பேரும் பைக்கில் மாத்தூர் தொட்டிப்பாலம் போனோம். 1966-ல் கட்டியது. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு, பறளியாற்றுக்கு மேலே நூறடிக்கும் கூடுதலான உயரத்தில், பட்டணங்கால் தண்ணீரைத் தொட்டியில் கொண்டுபோகிறது. எட்டிப் பார்த்தால் அடிவயிறு கலங்கும் ஆழத்தில் ஆறு.

நடுப்பாலத்தில் நின்ற அண்ணாச்சி கால்வாய்த் தண்ணீரையும் பார்த்தார், ஆற்றையும் பார்த்தார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இங்க யாருக்கும் போன் போட்டுக் கேக்காண்டாம்லா?"