மெட்டும் விரலும்

மேட்டூர் நீர் வந்து வாய்க்கால்களெல்லாம் நிறைந்தோடிய ஓர் ஆடி மாதத்தில், தஞ்சாவூர் வீணைப் பட்டறை ஒன்றின் திண்ணையில் அமர்ந்து, ஆசாரியார் பலாமரத் தண்டியின்மேல் கரிய மெழுகை வைத்து 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சுருதி பார்த்து மேளம் கட்டுவதைக் கவனித்துக்கொண்டிருந்தபோதுதான், மூன்று வருஷமாக எனக்குக் கைவராதிருந்த வித்தையின் சூக்ஷ்மம் விளங்கிற்று.

நான் பயின்றுவந்தது, ஸ்வீடன் தேசத்து இங்வே மால்ம்ஸ்டீன் 1984-இல் வெளியிட்ட 'ரைசிங் ஃபோர்ஸ்' இசைத்தட்டினால் பிரசித்தமான அதிவேக மின்சாரக் கித்தார் வாசிப்பு. பாகனினியையும் பாக்கையும் ஆதர்சமாகக் கொண்ட அவ்வாசிப்பு பெரிதும் சஞ்சரிப்பது 'ஹார்மானிக் மைனர்' என்னும் ஸ்வர வரிசையில். அது நம் 21-ஆவது மேளமாகிய கீரவாணியே என்றும், அதன் பஞ்சமத்தை ஷட்ஜமாக்கினால் வகுளாபரணம் பிறக்கிறதென்றும் அறிந்த நாளில், அந்நிய தேசத்தில் நம்மூர்க்காரரின் குரலைக் கேட்டாற்போல ஆனந்தமடைந்தேன். ஆயினும் வேகமும் வரவில்லை, நாதமும் வரவில்லை. ஆம்ப்ளிஃபயரில் ஒலியை முறுக்கேற்றும் 'கெயின்' என்னும் திருகை ஏற்ற ஏற்ற, ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழம்பி இரைச்சலாயின.

பட்டறையில் எனக்கு விளங்கியது இதுதான். மால்ம்ஸ்டீனுடைய ஸ்ட்ராடோகாஸ்டர் கித்தாரில் மெட்டுகளுக்கிடையேயுள்ள மரம் குடைந்தெடுக்கப்பட்டிருக்கும். விரல் தந்தியைத் தொடுமேயன்றி மரத்தைத் தொடாது. ரகுநாத நாயக்கர் காலத்தில் இன்றைய உருவை அடைந்ததாகச் சொல்லப்படும் தஞ்சாவூர் வீணையிலோ, மெழுகின்மேல் மெட்டுகள் உயர்ந்து நிற்பதனால், அந்த இடைவெளி இயல்பாகவே அமைந்திருக்கிறது. வித்வான் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்ற கித்தார் கலைஞர் ஜான் மக்லாக்லினும், 'சக்தி' இசைக்குழுவில் தாம் வாசித்த கித்தாரை அவ்வாறே குடையச் செய்தார். இத்தகைய வாத்தியத்தில் பலமாக அழுத்தினால் சுருதி ஏறிவிடும். ஆகையால் விரல் மிருதுவாகியே தீரவேண்டும். மிருதுவான விரலே சட்டென்று எழும். நான் மூன்று வருஷமும் மரத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அன்று முதல் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, சரளி வரிசையைக் கீரவாணியில் அமைத்து, தந்தியை மீட்டும் பிக் ஒருமுறை கீழும் ஒருமுறை மேலுமாகச் செல்ல, மூன்று காலங்களிலும் சாதகம் செய்தேன். முதற்காலத்திலேயே மாதங்கள் கழிந்தன. பல தந்திகளை ஒரே வீச்சில் கடக்கும் 'ஸ்வீப்' என்ற பிரயோகத்தில், மீட்டப்பட்ட தந்தியை விட்டு விரல் உடனே தளராவிடில் ஸ்வரங்கள் சேர்ந்தொலித்துத் தெளிவு கெடும். அதைத் திருத்த வல்ல கருவி கடையில் கிடையாது. மெல்லிய விரலும், வேண்டாத தந்திகளை அடக்கும் வலது உள்ளங்கையும் பழகிய பின்னர், கெயினைப் பாதியாகக் குறைத்தும் நாதம் தெளிந்து நின்றது.

புதிதாக மின்சாரக் கித்தார் வாங்கும் நம் டெல்டாப் பிள்ளைகள், ஒலியை மாற்றும் பெடலுக்குப் பணம் கொடுக்குமுன், தஞ்சாவூரில் ஒரு வீணைப் பட்டறைக்குள் நுழைந்து, ஆசாரியாரின் அனுமதி பெற்று, மேளம் கட்டி முடித்த வீணையின் தந்தியை ஒரு மெட்டின்மேல் மெல்லத் தொட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.