பக்கத்துக்கு நாலு அங்குலம்

என்னிடம் டிராக்டர் ஓட்டிய தம்பிக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வேகமாகத் திருப்பியிருப்பான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் நான் கட்டினேன். "ஓட்டறவன் தப்புக்கு ஓனர் காசு கட்டறாருங்க, யாரு இப்படிச் செய்வாங்க?" என்று டீக்கடையில் எனக்கு நல்ல பேர் வேறு. அந்தப் பேரை நான் வைத்துக்கொண்டதுதான் இதில் பெரிய தப்பு.

எங்கள் ஊர் சத்தியமங்கலத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. வயலெல்லாம் சமம். அந்த வருடம் வைகாசியில் மஞ்சளுக்குப் பார் பிடிப்பதற்காக டிராக்டரின் பின்சக்கரங்களை ஒடுக்கி மாட்டியிருந்தேன். ஒரு டயரின் நடுவிலிருந்து அடுத்த டயரின் நடுவுக்கு 52 அங்குலம். பார் அளவுக்கு அது சரியாக வந்தது. எங்கள் தோட்டத்து வாசலில் நிற்கும் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே நுழையவும் அதுதான் வசதி.

ஆனி மாதம் தாளவாடியிலிருந்து மச்சான் கூப்பிட்டார். மேலே மழை இறங்கிவிட்டது, மக்காச்சோளம் போட வேண்டும், அங்கே வாடகை வண்டி கிடைக்கவில்லை என்றார். தாளவாடி என்றால் பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். மேலே போனால் மைசூர்ப் பக்கத்து மேட்டுநிலம். பார்வைக்குச் சமவெளி மாதிரி இருக்கும். காட்டுக்குள் இறங்கினால்தான் மேடும் பள்ளமும் தெரியும்.

புறப்படும் முன் தம்பி சொன்னான்: "அண்ணா, வீலு ஒடுக்கமா இருக்குதுங்க. மேல மாமா காடு சரிவுங்க. கழட்டி அகலமா மாட்டிட்டுப் போலாமுங்களா?"

"நாலு நாள் வேலைக்கு ஒரு நாள் கழட்டறதா? பார்த்து ஓட்டினாப் போதும்" என்றேன். வந்ததும் மறுபடி ஒடுக்கி மாட்ட வேண்டும், அதற்கும் ஒரு நாள் போகும் என்பதுதான் என் கணக்கு.

மூன்றாம் நாள் காலையில் அது நடந்தது. சரிவுக்குக் குறுக்கே உழுதுகொண்டிருந்தான். மேலிருந்து கீழாக உழுதால் முதல் மழைக்கே மண் கரைந்து ஓடிவிடும், அதனால் மலைக்காட்டில் குறுக்கு உழவுதான் முறை. ஆனால் மண்ணைக் காப்பாற்றும் உழவே வண்டிக்கு ஆபத்தானது. வண்டி முழுநேரமும் ஒரு பக்கம் சாய்ந்தபடியே ஓட வேண்டும். வரப்பு ஓரத்தில் ஒன்பது கொத்துக் கலப்பையைத் தூக்கிக்கொண்டு திருப்பினான். கீழ்ப்பக்கத்துச் சக்கரம் இரவில் காட்டுப்பன்றி கிளறிப் போட்ட குழியில் இறங்கியது. அதே நேரம் மேல்பக்கத்துச் சக்கரம் ஒரு கல்லில் ஏறியது. வண்டி மெதுவாகவே சாய்ந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கலப்பை மண்ணில் குத்தி நின்றதால் முழுதாகப் புரளவில்லை. தம்பியின் கால் மட்கார்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

வண்டியைச் சரிபார்க்க வந்த மெக்கானிக் வயதானவர். இன்ஜினைப் பார்ப்பதற்கு முன் டேப்பை எடுத்துப் பின்சக்கரத்தை அளந்தார். "52-ல வெச்சுக்கிட்டா மலைக்கு ஏத்துனீங்க?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்றை வாங்கி வரச் சொன்னார். வண்டியை நிமிர்த்தி அதே சரிவில் நிறுத்தி, கியர்பாக்ஸ் உயரத்திலிருந்து நூலைத் தொங்கவிட்டார். குண்டு வண்டியின் நடுவைவிட்டு விலகிக் கீழ்ச் சக்கரத்தின் பக்கம் போய் நின்றது.

"எடையெல்லாம் இந்த நூல் வழியா இறங்குதுன்னு நெனச்சுக்கங்க. நூல் சக்கரத்துக்கு உள்ள நிக்கற வரைக்கும் வண்டி நிக்கும். வெளிய போச்சுன்னா யாரு ஓட்டினாலும் சாயும்."

அதோடு இன்னொன்றும் சொன்னார். நாலு சக்கரத்தில் நிற்கிறது என்று நாம் நினைக்கிறோம். முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஆடும்படி மாட்டியிருப்பதால், சாயத் தொடங்கும்போது முன்சக்கரங்கள் உடனே முட்டுக்கொடுக்காது. அப்போது வண்டியைத் தாங்குவது இரண்டு பின்சக்கரங்களும் அந்தப் பின்னும் சேர்ந்த முக்கோணம்தான். முன்னால் போகப் போக முக்கோணம் குறுகும். எடை மையமோ பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. ஆகவே 52-ல் பாதியான 26 அங்குலமும் முழுதாகக் கைக்கு வராது. கலப்பையைத் தூக்கினால் எடை மேலே ஏறும், நூல் இன்னும் வெளியே தள்ளிப் போகும்.

எங்கள் அப்பாரு வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டியைச் சரிவில் குறுக்கே விடவே மாட்டார். விட்டே ஆக வேண்டும் என்றால் பாரத்தின் மேல் கயிறு போட்டு, மேல்பக்கத்தில் இரண்டு பேர் இழுத்துப் பிடித்தபடி நடப்பார்கள். சிறு வயதில் நானே அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கிறேன். டிராக்டர் இரும்பு, அது எங்கே சாயப்போகிறது என்ற நினைப்பில் அதை மறந்துவிட்டேன்.

அன்றே மெக்கானிக்கும் நானும் சக்கரத்தை மாற்றினோம். சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு சுற்று இளக்கிவிட்டுத்தான் ஜாக்கி போட்டோம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்கு அடியில் மரக்கட்டை அண்டக்கொடுத்தோம். டிராக்டர் சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிஸ்க் தட்டுப் போல் குழிந்திருக்கும். குழிவு உள்ளே பார்ப்பதா வெளியே பார்ப்பதா, ரிம் எந்தக் காதில் மாட்டுகிறது என்பதை மாற்றி மாற்றிப் படிப்படியாக அகலப்படுத்தலாம். வலது சக்கரத்தைத் திருப்பாமல் அப்படியே உருட்டிப் போய் இடப்பக்கம் மாட்டினால் குழிவு மாறும், டயர் பட்டையின் திசை மாறாது. அதே பக்கத்திலேயே சக்கரத்தைப் புரட்டி மாட்டினால் பட்டை தலைகீழாகி மண்ணில் பிடிப்புப் போய்விடும். நட்டுகளை எதிரெதிராக முறுக்கினோம். சில மணி நேரம் ஓடியபின் மறுபடி முறுக்கச் சொன்னார். முன் அச்சையும் ஒரு துளை தள்ளி மாட்டி, டை ராடை இரண்டு பக்கமும் ஒரே அளவு நீட்டினோம். முன்பக்கத்தை மட்டும் அகலப்படுத்தினால் பயன் அதிகமில்லை, பின்சக்கரம்தான் முக்கியம் என்றார்.

52 போய் 60 ஆனது. பக்கத்துக்கு நாலு அங்குலம். மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்துவிட்டது. ஒரு நாள் ஆகும் என்று நான் போட்ட கணக்கே தப்பு.

அகலமாக மாட்டிவிட்டால் வண்டி சாயாது என்று அர்த்தமில்லை. அளவுக்கு மீறி அகட்டினால் அச்சுக்கும் பேரிங்குக்கும் கேடு, கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது. இரண்டு பிரேக்கையும் கொக்கி போட்டு இணைத்திருக்க வேண்டும். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரல் போடக் கூடாது. மட்கார்டில் ஆள் உட்காரக் கூடாது. டயரில் தண்ணீர் ஏற்றினால் எடை கீழே இறங்கும். புரண்டாலும் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் இருந்தால் உயிருக்குத் துணை. நிழலுக்குப் போடும் தகரக் கூரை அந்தச் சட்டம் ஆகாது.

தம்பி எட்டு மாதம் கழித்து நடந்தான். இன்றும் கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கிறான். ஒரு வார்த்தை கூட என்னைச் சொல்லவில்லை. அது என்னை இன்னும் அறுத்தது. ஒரு நாள் அதே டீக்கடையில், அவனும் இருக்கும்போது, "வீலை அகலமா மாட்டச் சொன்னது இவன். வேண்டாம்னது நான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தம்பி டீயை முடித்துவிட்டு, "இப்பவாவது சொன்னீங்களேண்ணா" என்றான். முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த எட்டு மாதமும் அவன் தலைகுனிந்து படுத்திருக்க வேண்டாம்.

மேட்டாங்காட்டுக்கு வண்டி அனுப்பும் முன் டேப் எடுத்து அளந்து பாருங்கள். ஓட்டுகிறவன் ஒடுக்கமாக இருக்கிறது என்று சொன்னால் அன்றைய உழவைத் தள்ளிப் போடுங்கள். சீட்டில் உட்காரப் போவது அவன்தான்.